செடியைத்தான் முதலில் கேட்டேன்

தம்பி,

கல்யாணத்துக்கு நான் என்ன கொண்டுவரட்டும் என்று உங்கப்பா மூலம் கேட்டனுப்பியிருந்தேன். "அம்மா வந்தா போதும்னு சொல்லுங்க" என்று நீ சொன்னதாக வந்து சொன்னார். அவர் அதை நல்ல சேதியாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. என் கையால் எதுவும் வேண்டாம் என்று நீ சொல்வது போல இருந்தது. நீ அப்படி நினைக்காமலும் இருந்திருக்கலாம். நினைத்திருந்தால் அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நேரில் போய்ப் பேசினால் என்ன என்று உங்கப்பா கேட்டார். நேரில் உன் முகத்தைப் பார்த்தால் சாப்பிட்டாயா, இளைத்துவிட்டாயே என்று தொடங்கி, பேச வேண்டியதைப் பேசாமலே பஸ் ஏறித் திரும்பிவிடுவேன். ஒரு வருஷத்துக்கு மேலாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

அந்தச் செடி நம் வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஐந்து வயதிருக்கும். ரப்பர்த் தோட்டம் அரசாங்கத்திடமிருந்து கம்பெனிக்குக் கைமாறிய காலம். பழைய துரை பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். புதிதாக வந்தவர்கள் பங்களாவைச் சுற்றித் துப்புரவாக்கச் சொன்னார்கள். மதிலில் ஏறிப் படர்ந்திருந்த பெரிய கொடி ஒன்றை வெட்டி ரோட்டோரம் குவித்திருந்தார்கள். ஒவ்வொரு இலையும் முறம் அகலம். நடுவே ஓட்டை ஓட்டையாக, ஓரங்களில் விரல் விரலாகப் பிரிந்து, பார்த்தால் யாரோ உட்கார்ந்து கத்தரித்தது போல இருக்கும். பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த நான், கணுவில் விழுது விட்டிருந்த துண்டு ஒன்றை எடுத்துச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்தேன். உங்கப்பாவின் ஓட்டை விழுந்த ரப்பர்ப் பால் வாளியில் மண்ணும் எருவும் தென்னந்தும்பு நாரும் போட்டு, நம் லயத்து வீட்டுக்கு முன்னால் வைத்தேன்.

ஏன் அதன்மேல் எனக்கு அவ்வளவு பிடிப்பு என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். தாய்மார்கள் விடியும் முன்பே ரப்பர்ப் பால் வெட்ட மலைக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எல்லாம் மடுவத்தில் என்னிடம். ஒன்று அழுதால் எல்லாம் அழும். தொட்டிலை ஆட்டி, மூக்கைத் துடைத்து, கஞ்சி ஊட்டி, துணி அலசி, மத்தியானம் வீட்டுக்கு வரும்போது என் காதுக்குள் அழுகைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் எனக்கு அழாத ஒன்று வேண்டியிருந்தது. ஒரு தாய் இதை எழுதக்கூடாதுதான். ஆனாலும் உண்மை அதுதான். நீ நாள் முழுக்கக் காத்திருந்து, பள்ளிக்கூடக் கதையைச் சொல்ல ஓடி வருவாய். "செத்த நேரம் சும்மா இருடா, காது வலிக்குது" என்று உன்னை விலக்கிவிட்டுச் செடிப் பக்கம் போய்விடுவேன்.

அதை வளர்க்க நான் மெல்ல மெல்லத்தான் கற்றுக்கொண்டேன். மேல் மண்ணில் விரலை விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும்தான் தண்ணீர். அன்பு மிகுந்து தினமும் ஊற்றியதில் முதல் வருஷமே வேர் அழுகப் பார்த்தது. நேர் வெயில் ஆகாது, இருட்டும் ஆகாது. ரப்பர் மர நிழல் அதற்கென்றே அளந்து செய்தது போல. ஆனால் தை, மாசியில் ரப்பர் மரம் இலையெல்லாம் கொட்டிவிடும், வெயில் நேராக இறங்கும். ஒரு தடவை அது தெரியாமல் விட்டு, நல்ல இலைகள் நாலைந்து தீய்ந்து போயின. அதற்குப் பிறகு அந்த மாதங்களில் வாளியைத் தூக்கிச் சுவரோரம் வைப்பேன். ரோட்டுப் புழுதி படிந்தால் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பேன். அந்த நேரத்தில் உன் சட்டையில் பித்தான் இல்லாமல் இருந்திருக்கிறது. டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆணி விஷயம் உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு மறக்கவில்லை. செடி வந்து இரண்டு வருஷமாகியும் இலைகள் முழுசு முழுசாகவே வந்தன. ஒன்றிலும் ஓட்டை இல்லை. செடி முதிர்ந்தால்தான் ஓட்டை விழும் என்பது எனக்கு அப்போது தெரியாது. "எப்பத்தான் ஓட்ட விழுமோ" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மடுவத்திலிருந்து வந்து பார்த்தால் புது இலை இரண்டிலும் பொத்தல் பொத்தலாக இருந்தது. நீ கையில் ஆணியோடு பக்கத்தில் நிற்கிறாய், முகமெல்லாம் சிரிப்பு. நான் என்ன ஏது என்று கேட்கவே இல்லை. முதுகில் இரண்டு வைத்தேன். ஆணி கீழே விழுந்தது. அப்போதும் நீ ஓடவில்லை.

"நீங்கதானம்மா ஓட்ட வேணும்னு சொன்னீங்க" என்றாய்.

நான் அடுப்பைப் பார்க்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை. நாளைக்கு உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அது கையில் ஆணியோடு நின்றால், கையை ஓங்கும் முன் எதற்கு என்று ஒரு தடவை கேள். அவ்வளவுதான் நான் சொல்லக்கூடிய புத்திமதி. அதையும் செய்யாதவள் சொல்கிறேன்.

செடி வளர்ந்தது. மூங்கில் குச்சி நட்டேன், மழையில் இற்றுப்போனது. கமுகஞ்சிலாகை வைத்தேன், அதையும் கறையான் தின்றது. கடைசியில் உங்கப்பா, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடத்தில் கழித்துப் போட்ட இரும்புக் குழாய் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதை வாளி நடுவே நட்டு, தென்னந்தும்பைக் கனமாகச் சுற்றினேன். கயிற்றால் கட்டினால் போதும் என்றார் அவர். கயிறு தளரும் என்று சொல்லிக் கம்பி கேட்டேன். கம்பியால் கீழிருந்து மேல்வரை இறுக்கிச் சுற்றியது நான்தான். விழுதுகள் தும்புக்குள் போய்ப் பற்றிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் அது விறுவிறுவென்று ஏறி, ஓட்டை விழுந்த முதல் இலையைக் காட்டியது. லயத்துச் சனமெல்லாம் வந்து பார்த்தார்கள். நான் ஏதோ பிள்ளை பெற்றவள் போல நின்றுகொண்டிருந்தேன்.

பல வருஷம் கழித்து, நீ படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம். மடுவத்தைப் பார்வையிடக் கொழும்பிலிருந்து ஒரு மிஸ் வந்தார். செடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "இந்த மாதிரி ஒன்று கொழும்பில கூட நான் பார்க்கல்ல. செடிக் கண்காட்சி ஒன்று வருது, கட்டாயம் அனுப்புங்க" என்றார். எங்கே, எப்போது என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. முப்பது வருஷமாக அடுத்தவர் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தவளின் பெயரைச் செடிக்குப் பக்கத்தில் அட்டையில் எழுதி வைப்பார்கள், பெரிய மனிதர்கள் குனிந்து வாசிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். பஸ் ஏறுகிறவர்கள் எல்லாம் ஆசனத்துக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். நம் தமிழ்ப் பெயர் எழுதிய அடையாள அட்டையை நீட்டினாலே இரண்டு தடவை புரட்டிப் பார்ப்பார்கள்.

"இப்ப இருக்கிற நெலமையில இத தூக்கிக்கிட்டு கொழும்புக்குப் போகச் சொல்றீங்களா?" என்று கேட்டாய்.

"செடிதானடா, துவக்கா குண்டா?" என்றேன்.

"மூட்டைய கண்டாலே எறக்குவாங்கம்மா. நீங்க வேணா கொண்டு போங்க, வயசானவங்கள ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

நீ சொன்னது சரி. நான் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் நான் கண்காட்சிக்கு முதல் நாளே சுமைகாரி மாதிரிப் போய் இறங்க விரும்பவில்லை. மறுநாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, செடிக்குச் சொந்தக்காரியாகப் போய் நிற்க ஆசைப்பட்டேன். அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், "மடுவத்துப் புள்ளைங்கள யாரு பாத்துக்குவா? ஒரு வேலை சொன்னா செய்ய முடியல, வளந்துட்ட" என்று உன்னையே குற்றவாளியாக்கினேன். என் பழைய சேலையால் இலைகளைச் சேர்த்துச் சுற்றினாய், வாளியைச் சாக்குக்குள் இறக்கினாய். தெரணியகலையிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில், கண்டக்டர் பையனிடம் சிங்களத்தில் சிரித்துப் பேசிப் பின் ஆசனத்தில் இடம் பிடித்தாய். பஸ் புறப்படும்போதும் நான் ஜன்னலோரம் நின்று, "வேர அசைய விடாத. ஒருத்தரையும் கைவைக்க விடாத" என்றுதான் சொன்னேன். பத்திரமாகப் போய் வா என்று சொல்லவில்லை. பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், சொல்லவே இல்லை.

நடந்ததை அந்தக் கண்டக்டர் பையன்தான் அன்று சாயங்காலம் தெஹியோவிட்ட பஜாரில் உங்கப்பாவைத் தேடிப்பிடித்துச் சொன்னான். கொழும்புக்குள் நுழையும் முன் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்களாம். சாக்கை அவிழ்த்துச் சேலையை விலக்கியதும், கம்பி சுற்றிய தடித்த குழாய் தெரிந்திருக்கிறது. "மேக்க மொகக்த?" என்று சிப்பாய் கேட்டானாம், இது என்ன என்று. செடிக்கு வைத்த முட்டு என்று நீ நல்ல சிங்களத்தில் விளக்கியிருக்கிறாய். அவ்வளவு நேரமும் ஒன்றும் இல்லையாம். குழாயைப் பிடுங்கிப் பார்க்கிறேன் என்று அவன் கைவைத்ததும், நீ அவனுடைய கையைப் பிடித்துவிட்டாயாம்.

"எப்பா சேர், ஏக்க அம்மகே" என்று சொன்னாயாம். வேண்டாம் சேர், அது அம்மாவுடையது என்று.

"அவன் மட்டும் கைய விட்டிருந்தா தோண்டிப் பாத்துட்டு அனுப்பியிருப்பாங்க, மாமா" என்று அந்தப் பையன் அழுதானாம். உன்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதற்கு மேல் அவனுக்குத் தெரியவில்லை.

இருபது வயது தாண்டிய பிள்ளை, எவ்வளவோ விவரம் தெரிந்தவன், ஆயுதம் வைத்திருக்கிறவனுடைய கையைப் பிடித்திருக்கிறாய். எதற்காக? அம்மா சொன்னாள் என்பதற்காக. நீ எனக்குப் பணிந்து நடந்ததை நினைத்துப் பெருமைப்பட வேண்டிய நான், நீ ஒரு தடவையாவது அடங்காத பிள்ளையாக இருந்திருக்கக்கூடாதா என்று ஏங்கினேன்.

அதற்குப் பிறகு உங்கப்பா ஓடிய ஓட்டம் உனக்குப் பாதிதான் தெரியும். துரையிடம் கெஞ்சி, இவன் எங்கள் தோட்டத்துப் பிள்ளை என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பொலிஸ் நிலையமாகப் போனார். இங்கே இல்லை என்பார்கள். இன்னொரு இடத்தைச் சொல்வார்கள். அங்கேயும் இல்லை என்பார்கள். ஒருநாள்கூட அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குழாய் கொண்டுவந்தது நான்தானே என்று தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். நான் மடுவத்தில் தொட்டிலை ஆட்டிக்கொண்டே அழுவேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களும் அழும்.

வாரங்கள் கழிந்து உன்னை விட்டார்கள். வழக்கு இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர்ப் பீலியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது, நீயும் அப்பாவும் படியேறி வந்துகொண்டிருந்தீர்கள். தாடி வளர்ந்திருந்தது. சட்டை உன்னுடையது இல்லை. வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாய், அதில் இரண்டு விரல் நகங்கள் கறுத்திருந்தன. மடுவத்தில் ஒரு பிள்ளை விழுந்தால், ஓடிப்போய் எங்கே வலிக்கிறது என்று தொட்டுப் பார்ப்பவள் நான். அன்றைக்கு எழுந்து உன் பக்கத்தில் வந்தேன். உன் விரல்களைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

"செடி என்னாச்சு?" என்று கேட்டேன்.

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். என்னை யாரென்று அடையாளம் கண்டுகொள்ளப் பார்ப்பவன் போலப் பார்த்தாய். "பிச்சுப் போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாய்.

தம்பி, எனக்குச் செடி பெரிதாக இருந்தது என்று நீ நினைத்திருப்பாய். பெரிதாக இருந்தது உண்மை. ஆனால் அந்த நிமிஷத்தில் அதற்காக நான் கேட்கவில்லை. உன் விரல்களைப் பற்றிக் கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு நான் எப்படி இருப்பேன் என்று பயந்தேன். உன் வலியைக் கேட்பதற்குக்கூட என் நெஞ்சைத்தான் முதலில் காப்பாற்றிக்கொண்டேன். இது சமாதானம் இல்லை. செடி மேல் ஆசை வைத்ததைவிட இது பெரிய குற்றம் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதமே நீ வரக்காப்பொலயில் இரும்புக் கடையில் வேலை கிடைத்தது என்று போய்விட்டாய். தீபாவளிக்கு வந்தாய், சாப்பிட்டாய், போனாய். நான் செடி வளர்ப்பதையே விட்டுவிட்டேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அது பொய். அந்தச் செடியிலிருந்து முன்பே பிரித்து நட்ட கன்றுகள் மூன்று டின்களில் இருக்கின்றன. இன்றைக்குக் காலையிலும் இலைகளைத் துடைத்தேன். அவை என்ன பாவம் செய்தன என்று வீச மனம் வரவில்லை. துடைக்கும்போது சந்தோஷமாகவும் இல்லை.

போன வாரம் நீ கட்டப்போகும் ரேவதியும் அவளுடைய அம்மாவும் வீடு பார்க்க வந்தார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் அடுப்படிக்கு வந்து, நான் அரிசி களைவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, ஒன்னு சொன்னா தப்பா எடுக்க மாட்டீங்களே?" என்றாள். "அவங்க பஸ்ஸுல ஏறும்போது கையில எதுவுமே வச்சிக்க மாட்டாங்க. ஒருநாள் எங்கிட்ட ரெண்டு பை இருந்துச்சு, ஒன்னக்கூட வாங்கல. எனக்குக் கோவம் வந்துருச்சு. ஏன் இப்பிடின்னு கேட்டேன். அப்பத்தான் எல்லாத்தையும் சொன்னாங்க."

"எல்லாத்தையுமா?"

"ஆமா மாமி. அங்க இருந்த ஒவ்வொரு நாளையும் சொன்னாங்க. ஒங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்கதானே?"

என் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றுவிட்டது. "இல்ல புள்ள," என்றேன். "நான் கேக்கல."

அவள் முகம் மாறிவிட்டது. தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டதாக நினைத்து, அவளே சொல்லத் தொடங்கினாள். நான் கையை நீட்டித் தடுத்துவிட்டேன். "வேணாம் புள்ள, அவன் வாயால கேட்டுக்கிறேன்" என்றேன். கேட்பதற்கு நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும். அவளும் தலையாட்டினாள். ஆனால் உள்ளே எனக்குத் தெரியும், பீலியடியில் வந்த அதே பயம்தான் அன்றைக்கும் என் கையை நீட்ட வைத்தது.

உனக்கு நல்ல பெண் கிடைத்திருக்கிறாள். கோபம் வந்தபோதும் ஏன் என்று கேட்டாளே, அதைச் சொல்கிறேன். அவள் கேட்கும்போதெல்லாம் சொல்லு. அவள் பேசாமல் இருக்கும் நாளில் நீ கேள். பதில் தாங்க முடியாததாக இருக்கும் என்று தெரிந்தாலும் கேள். வீட்டில் செய்யக்கூடிய வேலை எவ்வளவோ இருக்கும். எதையாவது துடைத்துக்கொண்டும் கழுவிக்கொண்டும் அந்த நேரத்தைக் கடத்திவிடலாம். நான் அப்படித்தான் கடத்தினேன்.

வருகிற சனிக்கிழமை மத்தியானம் நான் வரக்காப்பொலைக்கு வருகிறேன். அப்பா வரமாட்டார், நான் தனியாகத்தான் வருகிறேன். கடை மூடும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்திருக்கிறேன், நீ அவசரப்பட வேண்டாம். பிறகு உன் அறைக்குப் போவோம். பிடித்துக்கொண்டு போன இடத்தில் அவர்கள் உன்னை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கப்போகிறேன். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். சொன்னால், நீ முடிக்கும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். சொல்லாவிட்டால், கடைசி பஸ் வரும்வரை உன்னோடு சும்மா இருந்துவிட்டு வருகிறேன். ஆனால் அம்மா கேட்கவில்லை என்ற நினைப்போடு நீ மணவறையில் உட்காரக்கூடாது.

அம்மா